முதுகில் ஒரு முள்

"அடுத்து என்ன ஆகும்? படிம்மா," என்றார் கடல் ஆய்வகத்தின் இயக்குநர். வெந்நீர் வாளிக்குள் இருந்த வலது கையை எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

உதவியாளர் பக்கத்தைப் புரட்டினாள். புத்தகம் அவருடையதுதான், அட்டையில் மீனை விடப் பெரிதாக அவர் பெயர். அரை மணியில் பக்கத்து அரங்கில் வெளியீடு. சற்று முன், கேமராக்காரர் படத்துக்குக் கேட்டாரே என்று, ஐஸ் தட்டில் கிடந்த ஆழ்கடல் மீனை இயக்குநர் வெறுங்கையால் தூக்கி, பெற்ற பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு சிரித்தார். முதுகு முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டதாக உதவியாளர் சொன்னாள். அது வரும்வரை விஷத்தைத் தணிக்க வெந்நீரும், துணைக்குப் புத்தகமும்தான்.

வெயில் எட்டாத ஆழத்தில் வாழும் மீன் என்று வாசித்தாள். சேற்றை ஒட்டி மெதுவாக நீந்தி, நண்டும் சிப்பியும் தின்னும். யாரையும் துரத்தாது, வம்புக்கு வருகிறவர்களுக்குத்தான் முள். செத்த பிறகும் அதில் விஷம் இருக்கும்.

"அதோட குடும்பக் கதை எதுக்கும்மா இப்ப? விஷத்துக்கு வா."

முதலில் விரல் வீங்கும் என்றாள், வீங்கியது போலிருந்தது. தோள்வரை மரத்துப்போகும் என்றாள், மரத்தது. நெஞ்சு படபடக்கும் என்று அவள் முடிப்பதற்குள் படபடப்பு முந்திக்கொண்டது.

"அப்புறம்?"

"நீங்க எழுதினதுதானே சார்."

மேடையில் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவருக்கு மூச்சு திணறியது.

"நான் எங்கம்மா எழுதினேன்? உன் ஆராய்ச்சி, உன் எழுத்து. நான் படிக்கக்கூட இல்ல. இந்தப் பாவத்தோட போக வேண்டாம். பேப்பர் எடு."

புத்தகம் முழுவதும் உதவியாளர் எழுதியதே என்று, பதிப்பாளருக்கு இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கையெழுத்திட்டார். வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கேமராக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"ஆம்புலன்ஸை இன்னும் காணோமேம்மா?"

"கூப்பிடல சார். அசல் மீன் ஃப்ரீசர்லயே இருக்கு. நீங்க தூக்கினது நான் செஞ்ச மெழுகு பொம்மை. முள்ளுக்கு ஒரு தையல் ஊசி." அவள் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "இருபது வருஷம் இந்த மீனோட வாழ்ந்தவர்னு அட்டையில போட்டிருக்கே, பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு காலையிலேருந்து பயந்துக்கிட்டே இருந்தேன்."