மணிக்காரர் கேட்ட லீவு

"ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை மணியடிக்க வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார் மணிக்காரர்.

போதகருக்குப் பகீரென்றது. அந்தத் தேவாலயத்தில் மணியடிப்பது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். இத்தனை வருடங்களில் லீவு என்று வாய் திறந்ததே இல்லை.

"யாராவது மனசு நோகப் பேசிட்டாங்களா அண்ணே?"

"அதெல்லாம் இல்லைங்க. அன்னைக்கு ஞானஸ்நானம் எடுக்கிறவங்களோட நானும் நிக்கணும்."

"நீங்களா? இன்னும் எடுக்கலையா?"

"நான் வேலைக்குத்தானே வந்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"இத்தனை வருஷம் கழிச்சுத்தான் என் பிரசங்கம் உங்களைத் தொட்டுச்சா?"

மணிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க, பிரசங்கத்துல எனக்குத் தூக்கம் வந்துடும். உங்க பாப்பாவை அடக்கம் பண்ணின மறுநாள், உள்ள ஆளில்லைன்னு நெனச்சு, 'என் புள்ளைய ஏன் எடுத்துக்கிட்டே'ன்னு சிலுவையைப் பாத்துக் கத்தினீங்களே, அப்ப நான் பின்னாடி பெஞ்சு துடைச்சிட்டிருந்தேன். இல்லாத ஒருத்தரோட யாரும் அப்படிச் சண்டை போட மாட்டாங்க. அவர் இருக்கார்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

போதகர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு தன் விசுவாசம் செத்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதன்பின் செய்த ஜெபமெல்லாம் வெறும் வாய்வார்த்தை.

"அண்ணே, எனக்காக ஒரு ஜெபம் பண்றீங்களா?"

"எனக்கு அதெல்லாம் வராதுங்களே."

"மனசுல வர்றதைச் சொல்லுங்க."

மணிக்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"சாமி, இவரு பாப்பாவைப் பத்திரமாப் பாத்துக்குங்க. இவரையுந்தான்."

மகள் போனபிறகு முதல்முறையாக, போதகர் மனதார "ஆமென்" என்றார்.