மாதா டாலர்

ஐயப்பன்தாங்கல் பஸ் பணிமனைக்குப் பின்னால், பிள்ளைகள் துணியில் ஏறி வித்தை பழகும் தகரக் கொட்டகை. உத்திரத்திலிருந்து மெத்தைவரை தொங்கும் சிவப்புத் துணியைக் கையில் பிடித்திருக்கும் பயிற்சியாளர் நிவேதிதா அதை விடுவதாயில்லை. "கழுத்துக் கயித்தக் கழட்டுனாதான் ஏத்துவேன். துணியில மாட்டுனா இறுக்கிடும்." மகள் ஜாஸ்லினின் நெஞ்சிலாடும் மாதா டாலரை அருள்செல்வி உள்ளங்கையால் மூடுகிறாள். "ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்தது மிஸ். இது இல்லாம அம்மாம் ஒசரம் அனுப்பமாட்டேன்." வெளியே பஸ் ஒன்று உறுமுகிறது, கூரைத் தகரம் அதிர்கிறது, இருவரும் அசையவில்லை. ஒன்பது வயது ஜாஸ்லின் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிற்றைத் தலைவழியே உருவுகிறாள். "குனிமா." ஏனென்று தெரியாமலே அருள்செல்வி குனிகிறாள். வியர்வை ஈரத்தோடு கயிறு அவள் கழுத்தில் விழுகிறது. "பயம் உனக்குத்தானே. நீ போட்டுக்க." நிவேதிதா துணியை விடுகிறாள். அருள்செல்வி நிமிர்வதற்குள் அந்தச் சின்னப் பாதங்கள் அவள் தலைக்கு மேலே போய்விடுகின்றன.