பெட்டியில் ஏழு பெயர்

“ஏழு பேருக்கு இடமிருக்காம், எட்டாவதா என்ரை பிள்ளைக்கு மட்டும் இடமில்லையாம்!”

நிரோஜினி பொரிந்து தள்ளினாள். கேட்டுக்கொண்டிருந்தது புருசன் சேந்தன். அவள் சொன்னது பிரெஞ்சுத் தலைநகரத்து லா சப்பலில் இருக்கிற பொன்னம்பலம் அண்ணையின் கடிதப் பெட்டியைப் பற்றி. அந்தக் கட்டடத்து வாசலில் மற்றப் பெட்டிகளில் ஒரு பெயர், மிஞ்சினால் இரண்டு. அண்ணையின் பெட்டியில் மட்டும் அவர் பெயருக்குக் கீழே துண்டு துண்டாய் ஒட்டி இன்னும் ஏழு.

விசயம் இதுதான். மகள் ஜானுஷா செப்டெம்பரில் ஆறாம் வகுப்புக்கு, கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். இருப்பது நகரத்துக்கு வெளியே வில்லியே லே பெல்லில். எந்த விலாசமோ அந்த விலாசத்துப் பள்ளிக்கூடம்தான் கிடைக்கும். அண்ணையின் தெருவுக்கு வாய்த்ததோ எல்லாரும் ஆசைப்படுகிற கொலேஜ். அதுவும் தெருவின் இரட்டைப்படை இலக்கப் பக்கத்துக்கு மட்டும். அண்ணையின் இலக்கம் பதினெட்டு!

நேற்றுத்தான் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தாள்.

“அண்ணை, பெட்டியிலை எங்கடை பேரையும் ஒட்டிவிட்டு, ‘இவை என்னோடைதான் இருக்கினம்’ எண்டு ஒரு கடிதம் தந்தால் போதும்.”

“பள்ளிக்கூடத்துக்கெண்டால் ஏலாது பிள்ளை.”

“அப்ப வேறை எதுக்கெண்டால் ஏலும்?”

அண்ணை யன்னலைப் பார்த்தார். அவர் மனைவி கௌரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நிரோஜினி தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பி வந்துவிட்டாள்.

“விடுமப்பா,” என்றான் சேந்தன். “இஞ்சையும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே.”

“அந்தாளின்ரை தயவு எனக்கு வேண்டாம். அதே கட்டடத்திலை வீடெடுத்துக் காட்டுறன், பாருங்கோ.”

சொன்னால் செய்கிறவள். லா சப்பல் சீலைக் கடையில் அவளுக்கு வேலை. சீலை வாங்க வந்த ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை. “இந்தத் தெருவிலை ஆரும் வீடு விடுகினமோ?” என்று நாலு மாதமாய் அதே கேள்வி. கடைசியில் கிடைத்தேவிட்டது. இலக்கம் பதினெட்டு, ஆறாம் மாடி, கூரைக்குக் கீழே ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது.

“மூண்டு பேரும் முறைவைச்சுத்தான் நித்திரை கொள்ளவேணும்,” என்றான் சேந்தன். சொல்லிக்கொண்டே மூன்றறை வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கினான், பாவம்.

“என் கட்டிலை எங்கே வைப்பது?” என்று ஜானுஷா பிரெஞ்சில் கேட்டாள்.

“முதலிலை உன்ரை படிப்பு மேசை. கட்டிலைப் பிறகு பாப்பம்.”

குடிவந்த அன்றே தங்கள் பெட்டியில் மூன்று பெயரையும் பெரிய எழுத்தில் ஒட்டினாள். அண்ணையின் கண்ணில் படவேண்டுமென்றே ஒட்டினாள். அவர் படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். ஆறு மாடியும் அந்தக் கோபத்திலேயே ஏறிவிடலாம் போலிருந்தது.

ஒருநாள் காலை அண்ணையின் பெட்டியை யாரோ ஒரு பெடியன் திறந்தான். கடிதத்தை அங்கேயே நின்று பிரித்துப் படித்தான்.

“தம்பி, நீர் அண்ணை வீட்டிலையோ இருக்கிறீர்? ஒருநாளும் படியிலை காணேல்லையே?”

“இல்லை அக்கா. நான் றொனால்ட். வேலைசெய்யிற ரெஸ்ரோறன்ரிலை, சாமான் அறைக்குள்ளைதான் படுக்கிறன்.”

“அப்ப பெட்டியிலை உம்மடை பேர்?”

“விலாசம் இல்லாட்டி விசாவுக்குப் பதிய ஏலாதே. கடிதம் வர ஒரு இடம் வேணும். எங்கள் ஏழு பேருக்கும் அண்ணைதான் தந்தவர்.”

நிரோஜினிக்குப் பொறுக்கவில்லை. “என்ரை பிள்ளைக்கு மட்டும் தரமாட்டன் எண்டிட்டாரே!”

“பள்ளிக்கூடத்துக்கெண்டால் ஆள் வந்து வீட்டைப் பாப்பினமாம் அக்கா. பாத்தால் நாங்கள் ஏழு பேரும் அங்கை இல்லையெண்டு தெரிஞ்சு எங்கடை கதை முடிஞ்சுது.”

“இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எங்கடை நிலைமையை அவர் ஆருக்கும் சொல்லமாட்டார். நாங்கள் வெக்கப்படுவமெண்டு.”

நிரோஜினிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்குக் குடிக்காமல் விட்டுவந்த தேத்தண்ணி ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கே தன்னை நினைக்க வெட்கமாயிருந்தது.

அடுத்த கிழமை உண்மையாகவே ஆள் வந்தது. பள்ளிக்கூடப் பதிவு அலுவலகத்திலிருந்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு மதாம். ஆறு மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே கட்டில், மேசை, ஜானுஷாவின் சப்பாத்து எல்லாவற்றையும் பார்த்தார்.

“எல்லாம் சரி. பொய் விலாசம் கொடுப்பவர்கள் அதிகம், அதனால்தான் வந்தேன்.”

நிரோஜினி வாசல்வரை கூடவே இறங்கினாள். பெட்டிகளைக் கடக்கும்போது மதாம் நின்றுவிட்டார். பேனையால் அண்ணையின் பெட்டியைத் தட்டினார்.

“ஒரே வீட்டில் இத்தனை வெவ்வேறு பெயர்களா? இவர்கள் எல்லாம் யார்?”

உண்மையான விலாசம் வேண்டுமென்று மூன்றறை வீட்டையே விட்டுவிட்டு வந்தவள், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

“எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, மதாம். தகப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு இன்னொரு பெயர். இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தான்.”