கடுவன் குட்டி

தூத்துக்குடி மாட்டாஸ்பத்திரிப் படியில் சாயங்கால வெயில் மஞ்சளாக விழுந்திருக்கிறது. சுவரில் பாதி கிழிந்த யுத்த நோட்டீஸ் கடற்காற்றில் படபடக்கிறது. கம்பவுண்டர் எஸ்றா மூன்று மாதப் பூனைக்குட்டியை மடியில் மல்லாத்திப் பிடிக்க, அது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கயிற்றைப் பின்னங்கால்களால் உதைத்து விளையாடுகிறது. சரக்குத் தோணியின் தலைவரான தண்டல் தொம்மை, அறுக்கும்போது குட்டியைத் தலைகீழாகச் செருகிப் பிடித்துக்கொள்ள, கையோடு கோணிச்சாக்கு கொண்டுவந்திருக்கிறார். "இன்னைக்கே காயடிச்சிருங்க ஐயா. விடியக்காலம் கொழும்புக்குப் பாய் விரிக்கோம். தோணியில எலி மூட்டையெல்லாம் கடிச்சுத் தீக்குது. காயடிக்காத கடுவன்னா கரையைக் கண்டதும் குதிச்சு ஓடிரும். போன தடவை ஒண்ணு அப்படித்தான் போச்சு." எஸ்றா விரல்நுனியால் மெல்லத் தடவிப் பார்க்கிறார். "மிளகு அளவுகூட இல்ல அண்ணாச்சி. இப்ப அறுத்தா தாங்காது. ரெண்டு மாசம் போகட்டும்." "அப்ப வீட்டுல கிடக்கட்டும்" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தொம்மையின் மனைவி பனிமயம். சட்டென்று சொல்லிவிடுகிறாள். அதற்குள் குட்டி அவள் கைக்குப் போய்த் தாலிச் சரட்டைக் கடிக்கிறது. தூரத்தில் கப்பல் சங்கு ஊத, காதை நிமிர்த்திக் கேட்டுவிட்டு மறுபடி கடிக்கிறது. அவள் தடுக்கவில்லை. தொம்மை அவள் முகத்தையே பார்க்கிறார். அவர் கடலில் இருக்கும் நாட்களில் அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு உயிர் கிடையாது. கோணிச்சாக்கை மெதுவாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார். "ரெண்டு மாசம் காணுமா ஐயா?" என்று எஸ்றாவிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே சொல்கிறார்: "நாலு மாசம் ஆகட்டுமே."