மூன்று சுற்றுப் பசை

நான் சிலிக்கான் பசை. காரின் எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தட்டை வீட்டு வாசலிலேயே கழற்றித் துடைத்த உரிமையாளர், அதை மீண்டும் ஒட்டுவதற்காக என்னை வாங்கிவந்தார். விளிம்பில் மெல்லிய கோடாக ஒருமுறை இழுத்தால் போதும் என்று என் குழாயின் முதுகில் அச்சிட்டிருந்ததாம். என் முதுகை நான் எப்படிப் படிப்பேன்?

"தம்பி, ஒரு கோடு போதும்," என்றது தட்டு.

"சும்மா இருங்கள் அண்ணே. நீங்கள் ஒழுகினால் பழி எனக்குத்தான்," என்று கூறி, உரிமையாளர் அழுத்த அழுத்த மகிழ்ந்து, மூன்று சுற்றுப் படர்ந்தேன்.

"போல்ட்டை இறுக்கும்போது நீ உள்ளே பிதுங்குவாய். உலர்ந்து உதிர்ந்தால், எஞ்சின் எண்ணெய் உறிஞ்சும் சல்லடை அடைத்துக்கொள்ளும். பாவம், எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் செத்துப்போகும்."

"என்மீது உங்களுக்குப் பொறாமை," என்றேன்.

மறுநாள் கார் ஓடியது. அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு கறைகூட இல்லை. உரிமையாளர் அதை அண்டைவீட்டாருக்கெல்லாம் காட்டினார். நான் பூரித்துப்போனேன்.

நான்காம் நாள் காருக்குள் எண்ணெய் எச்சரிக்கை விளக்குச் சிவப்பாக எரிந்தது, எஞ்சின் கரகரத்தது. நல்லவேளையாக உரிமையாளர் உடனே நிறுத்திவிட்டார். அவர் மறுபடியும் தட்டைக் கழற்றியபோது, சல்லடை முழுவதும் நானே அப்பிக்கிடந்தேன்.

"ஒரு சொட்டாவது ஒழுகியதா, சொல்லுங்கள் அண்ணே," என்று அங்கிருந்தபடியே கேட்டேன்.

"இல்லை தம்பி. எண்ணெய் கீழேயும் ஒழுகவில்லை, மேலேயும் ஏறவில்லை. உன்னைப்போல் அடைக்க ஒருவராலும் முடியாது."

அதை நான் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.