யாரும் தூக்க வேண்டாம்

பால் பாக்கெட்டோடு வீட்டுக்குள் வந்த திவ்யா, அடுப்படித் தரையில் மாமியார் பாண்டியம்மாள் குப்புறக் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“அத்தை, என்னாச்சு?”

“தொடாதத்தா. நானா எந்திரிக்கிறேன்.”

பாண்டியம்மாள் ஒருக்களித்துப் புரண்டு, முழங்காலை ஊன்றி, ஸ்டூலைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க எழுந்து நின்றாள்.

“மயக்கமா? ஆஸ்பத்திரிக்குப் போவோமா?”

“விழுகல. நானாத்தான் படுத்தேன். தனியா விழுந்தா எப்படி எந்திரிக்கிறதுன்னு தல்லாகுளத்துல பிசியோதெரபி பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. மூணு வாரமா தெனம் பத்துத் தடவ.”

திவ்யா மாமியாரின் கையைத் தடவிப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில், போன வருஷம்தான் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டவள். இந்த நேரத்தில் இன்னொரு தடவை விழுந்தால் எல்லாமே குலைந்துபோகும்.

“எதுக்கு அத்தை இதெல்லாம்? தூக்கிவிட நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல?”

பாண்டியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் எம்புட்டு நாளைக்கு? பீரோவுல துணி அடுக்கையில ரெண்டு பாஸ்போர்ட்டையும் பாத்தேன். அடுத்த மாசம் கனடாவுக்குக் குடிபோறதா செல்வக்குமார் போன்ல பேசுனதையும் கேட்டேன்.”

திவ்யா பால் பாக்கெட்டை மேடையில் வைத்தாள். இதை எப்படிச் சொல்வது என்று அவளும் கணவன் செல்வக்குமாரும் ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

“உடம்பு பழகிருச்சுத்தா,” என்றாள் பாண்டியம்மாள். “மனசுதான் இன்னும் பழகல. நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான அதையும் பழக்க முடியும்?”

திவ்யா அவளருகே தரையில் உட்கார்ந்தாள்.

“இருபத்திமூணாம் தேதி, அத்தை,” என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.