நெல் தூற்றிய மின்விசிறி

புதுக்குடியிருப்பில் மத்தியான வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. பக்கத் தகடு கழற்றிய பழைய கணினிக்கு முன்னால், நேற்று நெல் தூற்றிய பெரிய மின்விசிறி நிற்கிறது. விமலேஸ்வரி சுவிட்சைப் போட்டதும் இறக்கைகளில் ஒட்டியிருந்த பதர், மகள் யதுர்ஷிகாவின் தலையிலும் கணினியின் வயிற்றுக்குள்ளும் பறக்கிறது. "ஐயோ அம்மா, துடைச்சுப்போட்டெல்லோ போடோணும்!" என்று கத்திக்கொண்டே அவள் பதரை ஊதித் தள்ளுகிறாள். கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் கஜீபனுக்கு வெள்ளிக்கிழமை மட்டுந்தான் லீவு. இருவரும் சேர்ந்து விளையாட நினைத்த புதுக் கேம், ஒவ்வொரு வெள்ளியும் இந்த நோஞ்சான் பெட்டி சூடேறி, தொடங்கும்போதே நின்றுவிடுகிறது. இன்று அவள், பெட்டியின் பாரம் குறையட்டும் என்று, கேமின் அமைப்புகளுக்குள் போய் நிழலை நிறுத்துகிறாள், புல்லை நிறுத்துகிறாள், மழையையும் மேகத்தையும்கூட நிறுத்துகிறாள். திரை திறக்கிறது. மொட்டைத் தரையில் இரண்டு உருவங்கள். "என்ர திரையில நல்ல மழை பெய்யுது, தெரியுதோ?" என்று போனுக்குள்ளிருந்து அண்ணன் கேட்கிறான். "எனக்கு ஒரு மேகமும் இல்லையண்ணா. நீங்கள் மட்டும் தெரியிறியள்." அவனுடைய நீலச்சட்டை உருவம் முன்னால் ஓடுகிறது. அவளுடைய உருவம் விக்கி விக்கிப் பின்னால் போய், நடுவழியில் அப்படியே உறைகிறது. அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. கழுத்தில் வியர்வை வழிய, விமலேஸ்வரி மின்விசிறியைப் பெட்டிக்கு இன்னும் கிட்டத் தள்ளுகிறாள். உருவம் ஓர் அடி நகர்கிறது. தூரத்தில், பாலத்தடியில், நீலச்சட்டை திரும்பி நிற்கிறது. விமலேஸ்வரி கதிரையை இழுத்துப்போட்டு மகளுக்குப் பக்கத்தில் அமர்கிறாள். "அவன் நிப்பான் பிள்ளை. நீ ஆறுதலாப் போ."